மண்டபம் பக்கம் 60 பேர் வேலை செய்யும் இறால் கம்பெனியில் 18 பேரைக் குறைக்கச் சொல்கிறார்கள். மேலாளராக இதை எப்படி நியாயமாகச் செய்வது?

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நேரம் "தடைக்காலம் முடியட்டும், சொல்லி அனுப்புறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூன் கடைசியில் ஆள் ஏற்றும் வேன் அவர்கள் ஊர்ப் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்வது எளிது. கடிதமும் கிடையாது, காசும் கிடையாது. அதைச் செய்யாதீர்கள். இங்கே வேலை செய்யும் பெண்களின் கணவரும் அப்போது படகுக்குப் போகாமல் இருப்பார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது.

பணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. கிலோ கூலிக்கு இறால் உரிப்பவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி), விலகுவதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரியில் கணக்காகும். ஜூனில் நிறுத்தினால் அந்தச் சராசரி படுத்துவிடும். சட்டப்படி சரிதானே என்று கணக்கர் சொல்லக்கூடும். தடைக்காலத்துக்கு முந்தைய மூன்று மாதத்தை எடுத்துக் கூடுதலாகக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதையே எடுங்கள்.

தொகையை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். தினக்கூலி 450, சர்வீஸ் 8 வருடம் என்றால், வருடத்துக்கு 15 நாள் வீதம் ஆள்குறைப்பு இழப்பீடு 54,000. பணிக்கொடை (5 வருடம் முடித்தவர்களுக்கு) இன்னொரு 54,000. ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு ஈடாக 26 நாள் கூலி, 11,700. மொத்தம் 1,19,700. முதலாளியிடம் இதைக் காட்டிப் பணத்தை ஒதுக்க வைத்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைத் தொட வேண்டும். இழப்பீட்டைத் தவணையில் தருகிறேன் என்றால் ஆள்குறைப்பே செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டப்படி, வேலை இழந்தவர்கள் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதிக்கு ஆளுக்கு 15 நாள் கூலி தனி.

300 பேருக்குக் கீழ் என்பதால் அரசின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் அரசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

பட்டியலை மேஸ்திரியிடம் விடாதீர்கள். தனக்கு வேண்டியவர்களை வைத்துக்கொள்வார். உரிப்பு, தரம் பிரிப்பு, பேக்கிங் என்று பிரிவுவாரியாகச் சேர்ந்த தேதியை எழுதி, ஏழு நாளாவது முன்னால் சுவரில் ஒட்டுங்கள். அந்தந்தப் பிரிவில் கடைசியாக வந்தவர் முதலில் போவார். யாரையாவது மாற்றி எடுத்தால் காரணத்தை எழுத்தில் வையுங்கள். பேறுகால விடுப்பில் இருப்பவரைத் தொடவே கூடாது.

வெற்றுத்தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்து வாங்குவது குற்ற உணர்ச்சி உள்ள நிர்வாகத்தின் வேலை. ஆள்குறைப்பு என்றே கடிதம் கொடுங்கள். இஎஸ்ஐயில் வேலையிழப்பு உதவி கேட்கப் போகும்போது "தானாக விலகினார்" என்று இருந்தால் சிக்கல்.

கொடுத்த முன்பணத்தை மொத்தமாகப் பிடித்துவிட்டு மீதி ஆயிரத்தை நீட்டாதீர்கள்; தள்ளுபடி செய்ய முடியாவிட்டால் பாதியாவது விட்டுக்கொடுக்கப் பேசுங்கள். பாக்கிக் கூலி இரண்டு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பிஎஃப் தளத்தில் விலகிய தேதியை அதே வாரத்தில் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் தன் பணத்தை எடுக்கவே அவர் அலைய வேண்டியிருக்கும்.

18 பேரின் போன் நம்பரையும் பத்திரமாக வையுங்கள். ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போக வேண்டும்.