எந்த கெப்பாசிட்டர் எந்த கிரைண்டரில்?

கேள்வி: கோவையில் டேபிள்டாப் வெட் கிரைண்டர் அசெம்பிள் செய்யும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது கிரைண்டர் வெளியே போகும். இரண்டு மாதமாக டீலர்களிடமிருந்து ஒரே புகார்: சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, கல் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. சப்ளையரோ, "எந்த லாட் என்று சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்" என்கிறார். எந்த லாட், அதாவது எந்தத் தொகுப்பில் வந்த சரக்கு என்பது எங்களுக்கே தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர் வந்து, எந்த பாகம் எந்த கிரைண்டரில் போனது என்று எல்லாவற்றையும் ட்ரேஸ் செய்யலாம், நான்கு லட்சம் ஆகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

முதலில் அசெம்பிளி டேபிளில் கெப்பாசிட்டர் போட்டு வைத்திருக்கும் டப்பாவைப் போய்ப் பாருங்கள். பழைய லாட்டில் முப்பது மீதி இருக்கும்போதே புதுப் பெட்டியைப் பிரித்து அதன் தலையில் கொட்டியிருப்பார்கள். லாட் தொலைந்தது அங்கேதான். அதற்கப்புறம் நான்கு லட்சம் என்ன, நாற்பது லட்சம் கொடுத்தாலும் எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. எழுதி வைக்காததைத் தேடித் தரும் மென்பொருளை இதுவரை யாரும் எழுதவில்லை.

இப்போதைய தலைவலிக்கு ஒரு வழி இருக்கிறது. திரும்பி வந்த கிரைண்டர்களின் சீரியல் எண்ணை ஒரு பக்கமும், கழற்றிய கெப்பாசிட்டரின் மேல் அச்சாகியிருக்கும் மாதம், வருடம் அல்லது குறியீட்டை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். இருபது வரி சேர்ந்தால் போதும், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பிரச்சினை என்று ஓரளவு பிடிபட்டுவிடும். கொள்முதல் பில் தேதிகளோடு ஒப்பிட்டால் இன்னும் சுருங்கும். சப்ளையரிடம் அந்தத் தாளோடு போங்கள்.

லாட் எண் எவ்வளவு காசைக் காப்பாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை. 2007 ஆகஸ்டில் நோக்கியா பிஎல்-5சி பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகிறது என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம். ஊரெல்லாம் போனின் முதுகைக் கழற்றி பேட்டரி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை தயாராகியிருந்த பிஎல்-5சி 30 கோடிக்கும் மேல். ஆனால் நோக்கியா மாற்றித் தர முன்வந்தது 4.6 கோடிக்கு மட்டும்தான். மட்சுஷிதா என்ற ஒரே தயாரிப்பாளரிடம் 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பருக்குள் செய்தவை அவை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பேட்டரியின் மேலிருந்த 26 இலக்க எழுத்தும் எண்ணும்தான் மற்ற 25 கோடியைத் தனியே பிரித்துக் காட்டின. உங்களால் அப்படிப் பிரிக்க முடியாவிட்டால், கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் போன எல்லா கிரைண்டரையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சரி, எதையெல்லாம் தொடர வேண்டும்? மோட்டாருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண். கெப்பாசிட்டர், பேரிங் போன்றவற்றுக்கு லாட் எண் போதும். ஸ்க்ரூ, வாஷர் பக்கமே போகாதீர்கள். அதற்கும் லாட் எழுதச் சொன்னால் லைனில் இருப்பவர்கள் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

முதல் மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விதி ஒன்றுதான்: பழைய லாட் தீராமல் புதுப் பெட்டி பிரிக்கக் கூடாது. பிரிக்கும்போது "இந்த சீரியலிலிருந்து இந்த லாட்" என்று ஒரு வரி. ஒரு நாளைக்கு நாற்பது கிரைண்டருக்கு இது ஒரு வேலையே இல்லை. இந்தப் பழக்கம் ஒரு மாதம் நிற்கவில்லை என்றால் மென்பொருளும் நிற்காது.

நின்றுவிட்டால் வாங்குங்கள். கணக்குக்கு டேலி வைத்திருந்தால் அதிலேயே சரக்கை பேட்ச் (லாட்டுக்கு இன்னொரு பெயர்) வாரியாக வைக்கும் வசதி உண்டு. அதை முதலில் திறந்து பாருங்கள். கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் திறந்தமூல மென்பொருள், பேட்ச், சீரியல் இரண்டும் அதில் இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை என்றாலும் நிறுவிக் கொடுப்பவருக்கும் சர்வருக்கும் காசு உண்டு.

நான்கு லட்சக்காரர் மறுபடி வரும்போது அவருடைய டெமோவைப் பார்க்காதீர்கள். உங்கள் நோட்டைக் கொடுத்து அதை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு கெப்பாசிட்டர் லாட்டைச் சொல்லி, அது போன கிரைண்டர்களும் வாங்கிய டீலர்களும் உங்கள் கண் முன்னால் பட்டியலாக வர வேண்டும் என்று கேளுங்கள். அடுத்து தலைகீழாக, ஒரு சீரியல் எண்ணிலிருந்து அதன் பாகங்கள். இவ்வளவும் பலர் செய்துவிடுவார்கள். மூன்றாவது கேள்வியில்தான் ஆள் மாட்டுவார்: சர்வீஸில் கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டால் அந்த கிரைண்டரின் பதிவில் புது லாட் ஏறுமா? ஏறாவிட்டால் ஒரு வருடத்தில் உங்கள் பதிவு பாதி பொய்யாகிவிடும். ஏஎம்சி எனும் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு, விட்டுப் போனால் தரவை எக்செலில் எடுத்துக்கொள்ள முடியுமா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

லேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். பில் அடிக்கும் காகிதம் போன்ற தெர்மல் ஸ்டிக்கர் சூட்டில் கறுத்து, நாளடைவில் மங்கிவிடும். மாவும் தண்ணீரும் படுகிற பொருள் இது. ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பாலியெஸ்டர் லேபிளாகப் பார்த்து, கழுவும்போது கை படாத அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: மாத்திரை அட்டையில் இப்போது க்யூஆர் குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்து சரியாக வந்தால் மருந்து அசல் என்று நம்பலாமா?

பதில்: முழுதாக நம்ப முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முக்கிய பிராண்டுகளுக்கு இது கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு மற்றும் காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் வரும். ஆனால் அட்டையையே போலியாக அச்சடிப்பவனுக்கு அந்தக் குறியீட்டைப் படியெடுப்பது பெரிய காரியமில்லை. ஸ்கேனில் வரும் பேட்ச் எண், அட்டையில் அச்சான எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த அட்டையைச் சாப்பிடாமல் பில்லோடு வைத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். எப்படி என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேளுங்கள். நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்குபவர்கள், பேட்ச் எண் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைப் போடச் சொல்லுங்கள்.