பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பதிலாக வேகமான டீசல் கார் வாங்கினால் அன்றாட ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வேகமான பெட்ரோல் கார் மீது நெடுநாள் ஆசை, தினமும் ஓட்டினால் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாது என்று வீட்டில் சொல்கிறார்கள், ஆகவே நல்ல பிக்கப் உள்ள டீசல் காரை வாங்கினால் ஆசையும் தீர்ந்து அன்றாட ஓட்டத்துக்கும் ஒத்துவருமா? நீங்கள் முப்பது வயதைத் தொட்டவர், மாதச் சம்பளக்காரர், வீட்டு வாசலில் ஒரே ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம் இருக்கிறது என்று நானாகவே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2017இல் தண்டையார்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சும் ஏறக்குறைய இதுவே என்பதால் பதில் எழுதாமல் கடந்து போக முடியவில்லை.

என் தொழில் கஸ்டம்ஸ் கிளியரிங். ராயபுரத்தில் சிறிய அலுவலகம். எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலியைச் சுற்றி, துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் சி.எஃப்.எஸ். கிடங்குகள் என்று வாரத்தில் நான்கு நாட்கள் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே போய்வர வேண்டும். அவற்றோடு, நெல்லூரை அடுத்த கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்துக்கும் வாரம் ஒரு முறையாவது போக வேண்டும். போய்வர ஏறக்குறைய 380 கிலோமீட்டர். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு விடை காரில் இல்லை, அந்தக் கார் எந்தச் சாலையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

நான் வாங்கியது 2014ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா, 2.0 லிட்டர் டீசல், ஆறு கியர் மேனுவல். பழைய வண்டி. புதிதாக ஏதாவது வாங்கத்தான் முதலில் நினைத்தேன். கடனுக்கு வந்த ஒரு வங்கியின் பிரதிநிதி, முகவரியைப் பார்த்தவுடன், எங்கள் பின்கோடு அவர்களுடைய பட்டியலில் 'நெகட்டிவ் ஏரியா', அதாவது கடன் கொடுக்காத வட்டாரம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். இருபது ஆண்டுகளாக வருமானவரி கட்டிய காகிதங்கள் மேசையின் மேலேயே கிடந்தன. அதே வருமானமும் அதே காகிதங்களும் அண்ணா நகர் முகவரியோடு போயிருந்தால் காபி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். கேள்விக்கு இது சம்பந்தம் இல்லை என்பீர்கள். நான் பழைய வண்டி வாங்கியதற்கு இது மட்டுமே காரணம் என்பதால் சம்பந்தம் உண்டு. கையிலிருந்த பணத்தைப் புரட்டி ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கினேன். அவர் வீடு அண்ணா நகரில்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதே ஆக்டேவியாவில் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோலும் அப்போது வந்தது (டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் விசிறி). பெட்ரோலுக்குக் குதிரைத்திறன் 180, டீசலுக்கு 143. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் முறுக்குவிசையை, அதாவது மெக்கானிக்குகள் டார்க் என்று சொல்லும் இழுவைப் பலத்தைப் பாருங்கள்: பெட்ரோல் 250 நியூட்டன் மீட்டர், டீசல் 320. அந்த 320உம் எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 சுற்றைத் தொட்டவுடனே கிடைத்துவிடுகிறது. நான்கு வழி நெடுஞ்சாலையில் காருக்கு விதிக்கப்பட்ட வேக வரம்பு மணிக்கு நூறு கிலோமீட்டர். அந்த வரம்புக்குள் நாம் உண்மையில் பயன்படுத்துவது, அறுபதில் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரியைக் கடந்து நூறுக்குப் போகும் அந்தச் சில விநாடிகளை மட்டுமே. அந்தச் சில விநாடிகளுக்கு நல்ல டீசலைப் போன்ற துணை வேறில்லை என்பது என் கருத்து.

இதை நான் காகிதத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. என் மனைவியின் அண்ணனிடம் அந்த 1.8 பெட்ரோல் ஆக்டேவியா இருந்தது, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். 2018இல் ஒரு நாள் அதிகாலை, கிருஷ்ணப்பட்டினத்தில் எனக்கும் நெல்லூரில் அவருக்கும் வேலை இருந்ததால், இரண்டு வண்டிகளும் மாதவரத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பின. நல்லூர் சுங்கச்சாவடியில் தடை உயர்ந்ததும் அவர் சீறிக்கொண்டு முன்னே போய்விட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது என் வண்டி அவர் வண்டிக்கு ஈடு இல்லை. முதல் கியரில் டர்போ விழித்துக்கொள்வதற்குள் அவர் இரண்டு வண்டி நீளம் முன்னே இருந்தார். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, இரண்டு டிரெய்லர்கள் பக்கம் பக்கமாகப் பாதையை அடைத்துக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு கதை மாறியது. இடம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, கியர்பாக்ஸ் யோசித்து இரண்டு கியர் இறங்கி, அதன் பிறகு எஞ்சின் கத்தி, அதன் பிறகுதான் வண்டி பாய்ந்தது. நான் ஐந்தாவது கியரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கால் விரலைச் சற்று அழுத்தினால் போதும், முதுகை இருக்கையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வண்டி கடந்துவிடும்.

சூளூர்ப்பேட்டையில் தேநீர் குடித்துவிட்டு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். இங்கே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து சொல்வார்கள்: அவர் வண்டியை ஓட்டியபோது என் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. என் டீசல் 4,000 சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும். அவருடைய பெட்ரோல் அங்கேதான் பாடத் தொடங்குகிறது. மூக்கும் இலேசு, ஸ்டீரிங்கைத் திருப்பியவுடன் திரும்புகிறது. நெல்லூரில் இறங்கியதும் அவர் சொன்னார்: "மாப்ள, உன் வண்டியில போனா வேலை முடியுது. என் வண்டியில போனா மனசு நிறையுது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாலையில் திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி நிரப்பியபோது பதில் கிடைத்தது. எனக்கு 20 லிட்டர் பிடித்தது, அவருக்கு 33. 2025ஆம் ஆண்டுச் சென்னை விலையில் கணக்குப் போட்டால் எனக்கு ஏறக்குறைய 1,850 ரூபாய், அவருக்கு 3,300. மாதத்துக்கு ஒரு முறை என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு எழுபத்தையாயிரம் ரூபாய் வித்தியாசம். தடாவைத் தாண்டினால் ஆந்திராவில் இரண்டு எரிபொருளுக்கும் விலை கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் 50 லிட்டர் டேங்க் இரண்டு நடைக்குத் தாங்குவதால் அங்கே நான் டீசல் போட்டதே இல்லை.

'லாரி எஞ்சினுக்கு இவ்வளவு பெருமையா' என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006இல் பிரான்சின் லு மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை முதன்முதலாக வென்ற டீசல் கார் ஆடி ஆர்10. பெட்ரோல் வண்டிகளைவிடக் குறைந்த முறை எரிபொருளுக்கு நிற்க முடிந்தது அதன் பலங்களுள் ஒன்று. அதைவிட, பெட்ரோலின் ஓசை எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், என் அப்பா பேருந்தில் அழைத்துப் போய் வெயிலில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத்தடம் வந்த பிறகு வடக்கே அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. நான் கிருஷ்ணப்பட்டினம் போகும் ஒவ்வொரு முறையும் சோழவரம் திருப்பத்தைக் கடந்துதான் போகிறேன். பெட்ரோல் மீது எனக்குக் காதல் இல்லை என்பதல்ல. தினமும் அதோடு குடித்தனம் நடத்த என் தொழில் இடம் தரவில்லை.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலில் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம் என்பது உண்மை. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்ததாக 2015 செப்டம்பரில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரத்துக்குப் பிறகு எந்த டீசல்காரரும் 'சுத்தமான எரிபொருள்' என்று வாய் திறக்க முடியாது, நானும் திறக்கவில்லை. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் மணலி சுத்திகரிப்பு ஆலைகளின் வாடையும் தெரியாத தூரத்தில் குடியிருந்துகொண்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, என் ஒற்றைப் புகைக்குழாயைப் பற்றி வகுப்பெடுக்க வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இப்போது நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்6 விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் தேவை. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை நான்கு கிலோமீட்டர் ஊர்ந்து போய் எஞ்சினை நிறுத்தினால் அந்த வெப்பம் எங்கிருந்து வரும்? என் அக்கா மகன் இப்படித்தான் புது டீசல் எஸ்யூவி வாங்கி, கடைக்கும் வீட்டுக்குமாக மூன்று மாதம் ஓட்டினான். எந்தக் கம்பெனி வண்டி என்பது தேவையில்லை, எதுவாக இருந்தாலும் இதுவே நடந்திருக்கும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பொருட்படுத்தவில்லை. பிறகு வண்டி இழுவை குறைந்து முரண்டுபிடித்தது. "மாமா, புது வண்டி இப்படிப் பண்ணுது" என்று வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை அருகில் உட்கார வைத்து, கொல்கத்தா நெடுஞ்சாலையில் எஞ்சின் 2,000 சுற்றுக்குக் கீழே இறங்காதபடி நான்காவது கியரிலேயே அரை மணி நேரம் ஓட்டினேன். தச்சூரைத் தாண்டியபோது விளக்கு அணைந்தது. அவனுக்கு அதிர்ஷ்டம். இன்னும் தாமதித்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில்தான் முடிந்திருக்கும். எரித்து முடிக்கும் முன் மீண்டும் மீண்டும் எஞ்சினை நிறுத்தினால், அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலையும் கெடுக்கும் என்பதை அவன் இப்போது பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே உங்கள் ஓட்டம் பெரம்பூரிலிருந்து பாரிமுனை வரை மட்டும்தான் என்றால், டீசல் பக்கம் வராதீர்கள். சிறிய டர்போ பெட்ரோலே போதும். 2012இல் நம் ஊரில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேலும் வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கினார்கள். 2025இல் அது பத்து ரூபாயைக்கூடத் தொடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

புதிய வண்டிகளில் உங்களுக்குத் தெரிவு குறைவு. ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும் 2020இலேயே இங்கே டீசலைக் கைவிட்டன. வெர்னாவின் டீசல் 2023இல் போனது. மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் எஸ்யூவிகள், அல்லது பிஎம்டபிள்யூ, பென்ஸ் விலை. எனவே தாழ்வாக அமர்ந்து ஓட்டும் வேகமான டீசல் செடான் என்றால் பழைய வண்டிச் சந்தைதான். பத்து ஆண்டு ஆன டீசலை ஓட்டக் கூடாது என்று தரகர்கள் பயமுறுத்தி விலையைக் குறைப்பார்கள்; அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு உரியது, நமக்கு அல்ல. விற்கும்போது பயப்படாதீர்கள், வாங்கும்போது அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன், எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். கிளட்ச்சோடு, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்ற வேண்டிவந்தால் எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோரத்து வண்டி என்றால் அடிப்பக்கம் துரு பிடித்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவரிடம் காலையில் வருவதாகச் சொல்லி, அவர் எஞ்சினைத் தொடும் முன் நீங்களே போய் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் விடும் முதல் புகையை நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ விடிகாலையிலேயே எழுந்திருக்கிறார்கள் என்று பொருள். வேறு ஒரு நாள், சொல்லாமல் போங்கள்.