குடோனில் ஒன்பது ஹாலான் சிலிண்டர்: அண்ணன் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் தீயணைப்பான் ரீஃபில், சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2019-ல் ஒரு நிறுவனம் தன் பழைய கம்ப்யூட்டர் அறையைப் பிரித்தபோது 9 பெரிய ஹாலான் 1301 (தீயணைக்கும் வாயு) சிலிண்டர்களும், 22 சின்ன பி.சி.எஃப். (ஹாலான் 1211) தீயணைப்பான்களும் ஏலத்தில் எடுத்தேன். பில்லில் ‘பழைய இரும்பு’ என்றுதான் இருக்கிறது. தக்கலையில் அண்ணன் பெயரில் உள்ள குடோனில் வைத்தேன். அதைக் கட்ட நானும் பணம் போட்டிருக்கிறேன். இப்போது சொத்துத் தகராறில் அண்ணன் குடோனைப் பூட்டிவிட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிப் போடுவேன் என்றும் மிரட்டுகிறார். சரக்குக்கு 3 லட்சம் முன்பணம் கொடுத்த தூத்துக்குடிக்காரர், பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். அண்ணன் மேல் வழக்குப் போட்டு சரக்கை மீட்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? ராத்திரியோடு ராத்திரியாக வால்வைத் திறந்துவிட்டு, சிலிண்டரை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) போட்டுவிடு என்கிறார்கள் சிலர்.

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அண்ணன். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, குடோனுக்குப் போட்ட பணம், தங்கச்சி கல்யாணத்தில் அவர் கைவிரித்தது எல்லாம் பாகப்பிரிவினை வழக்கில் பேச வேண்டியவை. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை. நான் தேடியது ஒரே ஒரு காகிதம். ஹாலான் போன்ற, ஓசோன் படலத்தைக் குறைக்கும் பொருட்களுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே ஜெராக்ஸ் வைத்திருப்பீர்கள். எனவே இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தீயணைப்பான் சர்வீஸ் கடைக்கான பேப்பரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இதற்கு ஆகாது. ஹாலானை விற்பதற்காக இருப்பு வைக்கவும், விற்கவும், சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தவும் அந்த விதிகளில் தனிப் பதிவு வேண்டும், கணக்கும் வைக்க வேண்டும். அத்தியாவசியத் தேவை தவிர வேறெதற்கும் ஹாலானைப் பயன்படுத்த 2001 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. வளரும் நாடுகளிலும் 2010-க்குப் பிறகு உற்பத்தி கிடையாது. விமான எஞ்சின், சரக்கு அறை போன்ற சில இடங்களுக்கு மட்டும் இன்னும் தேவைப்படுகிறது. புதிதாக யாரும் செய்வதில்லை, தேவையோ தீரவில்லை. அதனால்தான் தூத்துக்குடிக்காரர் மூன்று லட்சத்தோடு வந்தார், உங்கள் கடையின் பெயரைக் கேட்டு அல்ல.

பதிவு இல்லை என்றால் என்ன ஆகும்? சட்டம் தடுக்கும் ஒரு விற்பனைக்கு நீங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 23-இன்படி அது செல்லாது. செல்லாத விற்பனையில் போன லாபத்தை அண்ணனிடம் நஷ்டஈடாகக் கேட்க முடியாது. அந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது.

‘சரி, பூட்டைத் திறக்கவாவது உத்தரவு வாங்கலாமே’ என்பீர்கள். பத்மநாபபுரம் கோர்ட்டில் மனு போடலாம்தான். ஆனால் என்ன பொருளை மீட்கிறீர்கள் என்று பிராதின் அட்டவணையில் எழுத வேண்டும். ‘ஹாலான் 1301, 9 சிலிண்டர், இத்தனை கிலோ’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும். அண்ணன் செய்வேன் என்று மிரட்டும் புகாரை நீங்களே கோர்ட் கட்டணம் கட்டித் தாக்கல் செய்வதுபோல் ஆகும். மனுதாரரின் நடத்தை சரியில்லை என்றாலே தடை உத்தரவை மறுக்கலாம் என்று குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு வேறு சொல்கிறது.

இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். அது நோட்டீஸுக்கு எழுதும் பதில்.

குளிர்பதன கேஸ் வியாபாரம் செய்த கட்சிக்காரர் ஒருவர் இதேபோல முன்பணத் தகராறில் வந்தார். வருவதற்கு முன்பே, தெரிந்த ஒருவரை வைத்து ஆவேசமாக ஒரு பதில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். ‘சரக்கு முழுவதும் என் வசம் தயாராக உள்ளது, தவறு உங்களுடையதே’ என்று. எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரிகளிடம் போனது. மூன்று வருடம் அவர் பேசியது எல்லாம் அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான். கோபத்தில் எழுதும் பதில் நோட்டீஸ், எதிராளிக்குக் கொடுக்கும் வாக்குமூலம். உங்கள் கையில் இருக்கும் வரைவிலும் ‘என் சொந்தச் சரக்கு’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. கிழித்துப் போடுங்கள்.

இன்னொரு யோசனையும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது: ஒப்பந்தமே செல்லாது என்றால் முன்பணத்தைக் கொடுக்க வேண்டாமே என்று. புத்தகப்படி அதற்கு இடம் உண்டு. இரண்டு தரப்பும் தெரிந்தே சட்டத்துக்குப் புறம்பாகப் போட்ட ஒப்பந்தம் என்றால் கோர்ட் யாருக்கும் கை கொடுக்காமல் ஒதுங்கலாம். ஆனால் அதைச் சொல்ல, ‘எனக்குத் தெரிந்தே தடை செய்யப்பட்ட விற்பனைக்குப் பணம் வாங்கினேன்’ என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு இருப்பதாக நம்ப வைத்து ஏமாற்றினார் என்று அவர் போலீஸுக்குப் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) மோசடிப் பிரிவு 318 வந்து நிற்கும். மூன்று லட்சத்துக்கு இது கட்டுபடியாகாது.

அடுத்தது, வால்வைத் திறந்துவிடச் சொல்லும் நண்பர்கள். இவர்களை முதலில் கடைப் பக்கம் வரவிடாதீர்கள். இப்போது உங்கள் மேல் இருப்பது பதிவு இல்லை, கணக்கு இல்லை என்ற குறை. வெளியே விட்டுவிட்டால் அது வேறு வழக்கு. ஓசோனைக் கெடுப்பதில் ஹாலான் 1301, பழைய ஃப்ரிட்ஜ் கேஸைவிட ஏறக்குறைய 10 மடங்கு. புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு கிலோ, 7 டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட எதிர்த்தரப்புக்குப் பத்து நிமிடம் போதும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? சிலிண்டர் கழுத்தில் காலி எடை அடித்திருக்கிறது. ஏலத்தில் எடுத்தபோது போட்ட வே பிரிட்ஜ் சீட்டை நீங்களே இணைத்திருக்கிறீர்கள். தூத்துக்குடி ஒப்பந்தத்தில் கிலோக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் எத்தனை கிலோ காணாமல் போனது என்று எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

அது மட்டுமா? 1301 சிலிண்டரில் நைட்ரஜன் ஏற்றி 25 அல்லது 42 பார் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். வால்வு வாயில் பாதுகாப்பு மூடி போடாமல் அசைத்து, வால்வு திறந்துகொண்டால், சிலிண்டர் ராக்கெட் மாதிரி கிளம்பும். நம் ஊர் உப்புக்காற்றில் இத்தனை வருடம் கிடந்த வால்வு எப்படி இருக்கும் என்று தொழில்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்கர் கடையில் மிச்ச கேஸோடு கட்டிங் டார்ச் வைத்தால், சூட்டில் ஹாலான் சிதைந்து நச்சு அமில வாயு வரும். அங்கே வேலை செய்யும் ஒரு பையன் செத்தால், அதே சன்ஹிதாவின் பிரிவு 106, ஐந்து வருடம் வரை ஜெயில். அப்புறம் என்னிடம் வந்து பயனில்லை.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில் எடுத்துவிட்டார்களாமே என்று கேட்பீர்கள். ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு 15-ஆவது பிரிவில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 கூடுதல். பூட்டிய குடோனில் சரக்கு கிடக்கும் ஒவ்வொரு நாளும் யார் கணக்கில் ஏறும் என்று யோசியுங்கள்.

உங்கள் கணக்கில் மட்டும் இல்லை என்பதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி. இடம் அண்ணனுடையது, சாவியும் அவரிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே பூட்டியிருக்கிறார். புகார் எழுதினால் ‘சாவி யாரிடம்?’ என்பது அவருக்கு வரும் முதல் கேள்வி. இதை நீங்கள் போனில் கத்திச் சொல்ல வேண்டாம். இரண்டு பேருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை அனுப்பி மெதுவாகச் சொல்ல வையுங்கள். சிலிண்டர் விஷயத்தை மட்டும் பேசுங்கள், சொத்தை இழுக்காதீர்கள். குடோன் வாடகை என்று ஏதாவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

முன்பணத்தை வங்கி மூலம் மட்டும் திருப்பிக் கொடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கும் இந்த ஒப்பந்தம் வெளியே வருவதில் ஆசை இருக்காது. ஒப்பந்தம் ரத்து என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

சரக்குக்கு இடம் இருக்கிறது. தில்லி திமார்பூரில் டி.ஆர்.டி.ஓ.வின் தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையம் தேசிய ஹாலான் வங்கியை நடத்துகிறது. கழற்றி எடுத்த ஹாலானைச் சுத்திகரித்துச் சேமிக்கும் இடம் அதுதான். அவர்களுக்கும், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவுக்கும், இருப்பை ஒப்படைக்க விரும்புவதாக ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். அண்ணனின் புகாருக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும். தானாக வந்து சொன்னவருக்கும், பிடிபட்ட பிறகு சொன்னவருக்கும் அபராதம் விதிப்பவர் கண்ணில் வித்தியாசம் உண்டு. அவர்கள் எழுத்தில் பதில் தரும்வரை ஒரு சிலிண்டரையும் லாரியில் ஏற்றாதீர்கள். 1301-ஐயும் பி.சி.எஃப்.ஐயும் இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது. கலந்த ஹாலானைப் பிரித்துச் சுத்தம் செய்வது பெரும்பாடு, வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். 2009-ல் ஐரோப்பாவில் விமானத் தீயணைப்பான்களுக்குள்ளேயே கலப்பட ஹாலான் போனது தெரிந்து பெரிய பிரச்சினையானது. அதிலிருந்து சோதனையில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதில் உங்களுக்கு லாபம் வராது. ஏலத்தில் போட்ட பணம் திரும்பினால் அதிர்ஷ்டம். நோட்டீஸில் 15 நாள் என்று இருக்கிறது, அதில் ஆறு நாள் போய்விட்டது. வே பிரிட்ஜ் சீட்டு, ஏல பில், ஒப்பந்தம் மூன்றின் அசலோடும் இந்த வாரமே பக்கத்தில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுவரை தூத்துக்குடிக்காரருக்கு வாட்ஸ்அப்பில்கூட எதுவும் எழுதாதீர்கள்.