மம்பட்டிக்கு எண்ணெய் தடவுகிறவர்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். நான் பள்ளி ஆசிரியர். அப்பாவுக்கு 72 வயது. உழைத்தது போதும் என்று இரண்டு வருடம் முன்பு நிலத்தைக் குத்தகைக்கு விட வைத்தேன். ஒரு வேலையும் வைப்பதில்லை. தண்ணீர்கூட ஈசிசேருக்கே போய்விடும். ஆனால் சர்க்கரை ஏறுகிறது, கால் வீங்குகிறது, எழும்போது தடுமாறுகிறார். பழைய மம்பட்டிக்கு எண்ணெய் தடவித் துடைப்பதுதான் ஒரே பொழுதுபோக்கு. ட்ரெட்மில் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, ட்ரெட்மில் பேச்சை விடுங்கள். அந்த மம்பட்டியை ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டீர்கள். அது பொழுதுபோக்கு இல்லை. நாளைக்கு மண்ணைத் தொடப்போகிற மம்பட்டிக்குத்தான் ஒரு விவசாயி எண்ணெய் தடவுவார். உங்கள் அப்பா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். 'குத்தகைக்கு விட வைத்தேன்' என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவரால் முடியவில்லை என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே?

கும்பகோணத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் இதே கடிதம்தான் எனக்கு வருகிறது. பிள்ளைக்கு மாதச் சம்பளம் வந்துவிட்டால் அப்பா வரப்பில் இறங்கக் கூடாது. பாசம் என்பீர்கள். வாத்தியாரின் அப்பா சேற்றுக்காலோடு தெருவில் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அதில் பாதி இருக்கிறது. பெற்றவரைத் தாங்குவது பிள்ளையின் கடமை, சந்தேகமில்லை. கையில் இருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வைப்பதை நான் கடமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். நாள் முழுக்கத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும். சதை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வயதானால் சதை தானாகவே குறையும். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும், தடுமாற்றமும் வரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது சதைக்கு வலு தரும் வேலை, மூன்று நாளாவது உடல் நிலைகுலையாமல் இருக்கப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வரப்பில் நடந்து, குனிந்து மண் வெட்டி, மடை அடைத்து, உங்கள் அப்பா இதையெல்லாம் காலை காபிக்கு முன்னாலேயே முடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கால் வீக்கம் இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் வரலாம், நாமே முடிவு கட்டக் கூடாது. டாக்டர் சரி என்றதும், சாப்பிட்ட பிறகு அப்பா பத்து நிமிடம் தெருவில் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகட்டும். அப்போது பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர்ச் செம்பை இனி அவரே போய் எடுக்கட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். வெறுங்காலோடு வேண்டாம், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலில் காயம் உண்டா என்று நீங்களே பாருங்கள். மகன் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்ப்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

அப்புறம், கொல்லையில் இரண்டு பாத்தியை அவர் பொறுப்பில் விடுங்கள். ஆடிப்பட்டத்தில் அவரைக்காயா, கத்தரியா, என்ன போடலாம் என்று அப்பாவைக் கேளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். உங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்ததும், குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு காலையில் அப்பாவோடு வயலுக்குப் போங்கள். தெரு வழியாகவே போங்கள். மம்பட்டி உங்கள் தோளில் இருக்கட்டும். மடை வந்ததும் அதை அவர் கையில் கொடுங்கள்.