‘ஹார்ம்’ங்கிற ஒரு வார்த்தை: வாசகி கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் அமெரிக்காவுல நார்த் கரோலினால இருக்கேன். அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களைக் காக்கற எண்டேஞ்சர்ட் ஸ்பீசிஸ் சட்டத்துல ‘ஹார்ம்’ (தீங்கு)ங்கிற வார்த்தைக்கு இருக்கற விளக்கத்தையே தூக்கப்போறோம்னு ஏப்ரல் 2025ல அரசாங்கம் சொன்னப்போ நானும் உக்காந்து எதிர்ப்பு எழுதி அனுப்பினேன், என்னை மாதிரி லட்சக்கணக்குல அனுப்பிருக்காங்க. இப்ப 2025 நவம்பர்ல அதே சட்டத்தோட விதிகள்ல இன்னும் நாலு மாத்தம் கொண்டு வர்றாங்களாம், டிசம்பர் 22 வரைக்கும் கருத்து சொல்லலாமாம். என் வீட்டுக்காரர், “அவங்க முடிவு பண்ணிட்டாங்க, நீ எழுதி என்ன ஆகப்போகுது, பறவையைச் சுடக்கூடாதுங்கறது அப்படியேதானே இருக்கு”ங்கறார். எனக்கு பதில் சொல்லத் தெரியல. திரும்பவும் எழுதணுமா?

ஒரு வாசகி

வணக்கம்மா,

எழுதுங்க, கண்டிப்பா எழுதுங்க.

உங்க வீட்டுக்காரர் கடைசியா சொன்னதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மொத்த சண்டையும் அங்கதான் இருக்கு. 1973 சட்டம் ஆபத்துல இருக்கற உயிரினத்தை ‘டேக்’ பண்ணக்கூடாதுன்னு சொல்லுது. டேக்னா என்னன்னு ஒரு வரிசையே குடுத்திருக்காங்க, விரட்டுறது, வேட்டையாடுறது, சுடுறது, கொல்றது, பொறி வெச்சுப் புடிக்கிறதுன்னு போகுது, அதுக்கு நடுவுல ‘ஹார்ம்’னு ஒரு வார்த்தை. வாழிடத்தை மோசமா கெடுத்து அதனால குஞ்சு பொரிக்கவோ இரை தேடவோ தங்கவோ முடியாம ஒரு ஜீவன் செத்துச்சுன்னா, இல்ல காயப்பட்டுச்சுன்னா, அதுவும் ஹார்ம்தான்னு அரசாங்கமே விதில எழுதி வெச்சிருக்கு. 1975லேர்ந்து வாழிடம் அந்த விளக்கத்துல இருக்கு. மரத்தொழில் பக்கம் இருக்கறவங்க எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க, 1995ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு அந்த விளக்கம் செல்லும்னு சொல்லிடுச்சு. ஸ்வீட் ஹோம் கேஸ்னு சொல்வாங்க. இப்ப அரசாங்கம், சட்டத்துக்கு அர்த்தம் சொல்றது கோர்ட்டோட வேலைன்னு 2024ல வந்த இன்னொரு தீர்ப்பைக் காட்டி அந்த விளக்கமே தப்புங்குது.

அந்த கேஸ்ல அடிபட்ட பறவைகள்ல ஒண்ணு உங்க மாநிலத்துலயே இருக்கு, ரெட் காக்கேடட் உட்பெக்கர்னு ஒரு சின்ன மரங்கொத்தி. சில வருஷம் முன்னாடி அங்க சாண்ட்ஹில்ஸ் பக்கம் பைன் காட்டுல ஒரு நண்பரோட நடந்தேன். ஒரு மரத்துல வெள்ளை பெயின்ட்ல பட்டை அடிச்சிருந்தாங்க, அண்ணாந்து பாத்தா பொந்து, பொந்தைச் சுத்தி பிசின் வழிஞ்சு வழிஞ்சு மரமே ராத்திரி பூரா எரிஞ்ச மெழுகுவத்தி மாதிரி நிக்குது. மத்த மரங்கொத்திங்க பெரும்பாலும் செத்த மரத்தைத் தேடும், இது மட்டும் உயிரோட இருக்கற கிழட்டு பைனாத்தான் பாக்கும், அறுபது எழுபது வருஷமாவது ஆகி பூஞ்சை புடிச்சு உள்கட்டை இளகின மரமா இருக்கணும். அப்படியும் ஒரு பொந்து குடைஞ்சு முடிக்க வருஷக்கணக்கா ஆகும். முடிச்சப்புறமும் பொந்தைச் சுத்தி சின்னச் சின்னதா கொத்திக்கிட்டே இருக்கும், பிசின் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் பாம்பு ஏற முடியாது. நான் கை வெச்சுப் பாத்தேன், விரல் ஒட்டிக்கிச்சு, அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்த வாசனை போகல.

இப்ப அந்த மரத்தை பகல்ல ஒருத்தர் வெட்டறார்னு வெச்சுக்கோங்க, பறவை இரை தேடப் போயிருக்கு, அதை யாரும் தொடல, சுடல. சாயங்காலம் அது திரும்பி வருது. ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு பொந்துலதான் ராத்திரி அடையும், அன்னைக்கு அதுக்கு இடம் இல்ல, இன்னொண்ணு குடையணும்னா இன்னும் பல வருஷம். இது ஹார்ம் இல்லையான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. ஒரு காலத்துல 9 கோடி ஏக்கர் இருந்த, இந்தப் பறவை குடியிருக்கற லாங்லீஃப் பைன் காடு 30 லட்சம் ஏக்கர் அளவுக்கு சுருங்கிப்போச்சு, இந்தப் பறவை அந்த நிலைக்கு வந்தது துப்பாக்கியால இல்ல.

நிலம் வெச்சிருக்கறவங்களுக்கு கஷ்டம் இருந்துச்சு, அதை மறைக்கக்கூடாது. பறவை வந்துட்டா மரத்துல கை வைக்க முடியாதுன்னு பயந்து, வர்றதுக்கு முன்னாடியே வெட்டி வித்தவங்க உங்க மாநிலத்துலயே இருந்தாங்க. ஆனா அதுக்கும் அங்கயேதான் வழி கண்டுபிடிச்சாங்க, 1995ல சேஃப் ஹார்பர்னு ஒரு ஒப்பந்தம், நீ காட்டை நல்லா பாத்துக்கோ, அதனால பறவை கூடினா உனக்கு புதுசா கட்டுப்பாடு வராதுன்னு. 1970கள் கடைசில சுமார் 1,470 மரங்கொத்திக் குடும்பம் இருந்தது இப்ப 7,800 கிட்ட வந்திருக்கு, 2024ல ‘த்ரெட்டெண்ட்’ங்கிற ஒரு படி கம்மியான ஆபத்துப் பட்டியலுக்கே மாத்திட்டாங்க. அந்த ‘ஹார்ம்’ விளக்கத்தை கைல வெச்சுக்கிட்டேதான் இதெல்லாம் நடந்துச்சு.

நவம்பர்ல வந்த நாலுல ரெண்டு எனக்கு ரொம்ப கவலை. பட்டியல்ல சேக்கறதை பணக் கணக்கு பாக்காம முடிவு பண்ணணும்னு விதில இருக்கற வாசகத்தை எடுக்கறாங்க. அறிவியலை மட்டும் வெச்சு முடிவு பண்ணணும்னு சட்டம் தெளிவா சொல்லுது, அப்புறம் பக்கத்துல செலவுக் கணக்கு எதுக்கு? இன்னொண்ணு, ‘த்ரெட்டெண்ட்’ பட்டியல்ல புதுசா சேர்ற உயிரினத்துக்கு தன்னால கிடைச்ச பாதுகாப்பு இனிமே கிடைக்காது, ஒவ்வொண்ணுக்கும் தனி விதி எழுதணும்.

சரி, எழுதி என்ன ஆகும்? 1946லேர்ந்து அங்க நிர்வாக நடைமுறைச் சட்டம் இருக்கு. விதியை மாத்தணும்னா ஜனங்ககிட்ட கேக்கணும், அவங்க எழுப்பின முக்கியமான கேள்விக்கு இறுதி விதில பதில் சொல்லணும், சொல்லாம விட்டா இது தான்தோன்றித்தனம்னு கோர்ட் தள்ளுபடி பண்ணலாம். நாளைக்கு கேஸ் வந்தா ஜட்ஜ் பாக்கப்போறது அந்த ஃபைலைத்தான், அதுல நீங்க எழுதினது இருக்கும். ஆனா ஒண்ணு, யாரோ எழுதினதை காப்பி பண்ணி அனுப்பாதீங்க, ஒரே வாசகம் ஆயிரம் வந்தாலும் அதுல இருக்கற கேள்வி ஒண்ணுதான். நீங்க பாத்ததை எழுதுங்க, எந்த இடம், என்ன மரம், எந்த வரியை எடுத்தா அங்க என்ன ஆகும்னு.

சாண்ட்ஹில்ஸுக்கு ஒரு நாள் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. விடியறதுக்கு முன்னாடியே போயிடணும், வெளிச்சம் வர்றப்போ ஒவ்வொண்ணா பொந்துலேர்ந்து தலையை நீட்டும். நேரத்தையும் இடத்தையும் குறிச்சுக்கிட்டு வந்து எழுதுங்க. நாலு மாத்தத்துக்கும் டாக்கெட் நம்பர், அதாவது ஃபைல் நம்பர், தனித்தனி, பாத்துப் போடுங்க, 22ஆம் தேதி வரைக்கும் இழுக்காம அனுப்பிடுங்க.