கன்னியாகுமரிப் படம் யாருக்கு?

அன்புள்ள ஆலோசகருக்கு,

1989-ஆம் ஆண்டு முழுப்பரீட்சை விடுமுறையில் அப்பா எங்களைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றார். குடும்பமாக நாங்கள் சென்ற ஒரே சுற்றுலா அதுதான். கடற்கரையில் படமெடுப்பவர் ஒருவர் முகவரியை வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பிய படம் இருக்கிறது. பின்னால் விவேகானந்தர் பாறை. பக்கத்துப் பாறையில் அப்போது வள்ளுவர் சிலை இல்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார், அம்மா காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்திருக்கிறார், அலைக்குப் பயந்த தம்பி அப்பாவின் தோளில் இருக்கிறான், 11 வயதில் நான் வண்ண மணல் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறேன்.

அப்பா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைப் பிரித்தபோது நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. இந்தப் படத்தை மட்டும்தான் கேட்டேன். தம்பி தரவில்லை. நான் அப்பாவின் செல்லப் பெண் என்பது ஊருக்கே தெரியும். செல்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதுமா? பொங்கலுக்குப் போனபோது மறுபடியும் கேட்டேன். மாலையானால் அம்மா அதைத் தேடுவார் என்று சாக்குச் சொல்கிறான். அம்மாவுக்கு 78 வயது. படத்தில் என்னைத் தொட்டுக் காட்டி, “இவள் என் மூத்த மகள், பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை” என்று என்னிடமே சொன்னார், வயதானால் எல்லாரும் இப்படித்தானே. அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. நகையையே விட்டுக்கொடுத்த அக்காவுக்கு ஒரு படத்தைத் தர மனமில்லாதவனிடமிருந்து அதை எப்படி வாங்குவது?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், அம்மா சொன்னதை ஒரே வரியில் கடந்துவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டதாக எழுதுகிறீர்கள். படம் ஆறு ஆண்டுகளாகத் தம்பியிடம்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் போய்வந்த நீங்கள், அம்மாவின் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நின்றுபோனீர்கள். பெற்ற தாய் எதிரில் உட்கார்ந்து, தன்னை யாரோ ஒருத்தியாகப் பார்ப்பதை எந்த மகளாலும் எளிதில் தாங்க முடியாது. அந்த வலியைத்தான் தம்பியின் மேல் இறக்கிவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மறதிநோயில் பெரும்பாலும் அண்மைக் கால நினைவுகள் முதலில் மங்கும். பழையவை நெடுநாள் தங்கும். மணல் பொட்டலத்தோடு நிற்கும் சிறுமி அம்மாவின் மனத்தில் பத்திரமாக இருக்கிறாள். அவளையும் ஐம்பதை நெருங்கும் உங்களையும் பொருத்திப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. மகள் வரவில்லையே என்று தேடுகிற தாயை, மறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இத்தகைய தடுமாற்றம் வரலாம்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ அவரை அழைத்துச் செல்லுங்கள்.

தம்பி சொன்னதை நான் சாக்காகக் கருதவில்லை. மறதிநோய் உள்ள பலருக்கு மாலை மங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். அந்த நேரத்தில் அம்மா தேடிப் பிடித்துக்கொள்ளும் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துச் செல்ல நினைப்பது, உங்கள் ஏக்கம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், நியாயமில்லை. நல்ல ஸ்டுடியோவில் பிரதி எடுத்து உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். மூலப் படம் அம்மா அருகில் இருக்கட்டும்.

ஒரு மாலை அவரிடம் செல்லுங்கள். “நான்தான் உங்கள் மகள்” என்று திருத்தாமல், “இந்தப் பிள்ளை பொட்டலத்தில் என்ன வைத்திருக்கிறாள்?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருங்கள். தம்பியிடம் படத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன், அம்மா இரவில் தூங்குகிறாரா, அவன் தூங்குகிறானா என்று விசாரியுங்கள்.