கோடியக்கரையில் குருவிக்கு வளையம்: கேட்டவர்களுக்குப் பதில்

வலசைக் குருவிகள் எங்கே போகின்றன என்று அறிய, அவற்றை வலையில் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் போட்டு விடும் வேலையைப் பற்றிச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பூநாரை பார்க்கத்தானே எல்லோரும் அங்கே போகிறார்கள். சின்னக் குருவிக்கு அங்கே என்ன வேலை?

உப்பளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் தோன்றும். முதுகுக்குப் பின்னால் உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது. வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் குருவிக்கு, எதிரே கடல். அதற்கு முன் இரை தேடக் கடைசியாகக் கிடைப்பது இந்தப் புதர்தான். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி, பழுப்புக் கீச்சான், இலைக் கதிர்க்குருவிகள் எல்லாம் இங்கே இறங்கும். சில தங்கிவிடும், சில இலங்கைக்குப் போகும்.

வலையில் சிக்கினால் காயம் படாதா?

கவனக்குறைவு இருந்தால் படும். அதை மறைக்க மாட்டேன். வலை மெல்லிய நூலால் ஆனது. புதர் நிழலில் கட்டினால் கண்ணுக்கே தெரியாது. மோதும் குருவி, வலையில் தொய்வாக விட்ட பையில் விழுந்து கிடக்கும். அரை மணிக்குள் ஒரு சுற்று போயே ஆக வேண்டும்; வெயில் ஏறினால் அதற்கும் முன்பே. மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும், அன்று எவ்வளவு குருவி வந்திருந்தாலும் சரி. நனைந்த குருவி சீக்கிரம் குளிர்ந்துபோகும். பிரிக்கும்போது முதலில் கால், பிறகு சிறகு, தலை. எந்தப் பக்கமிருந்து உள்ளே போனது என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது. பிறகு துணிப்பையில் போட்டால் இருட்டில் அமைதியாகிவிடும்.

(கையில் காயம் யாருக்கு என்று கேட்டால், எங்களுக்கு! கீச்சான் கடித்தால் விடாது.)

குருவியின் வயிற்றை ஊதுகிறார்களே, ஏன்?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். ஊதினால் இறகு விலகும், தோல் கண்ணாடிபோல் தெரியும். கழுத்தடிக் குழியிலும் வயிற்றிலும் மஞ்சளாகக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அது பயணத்துக்குக் கட்டிய சோறு. குழி நிரம்பிய குருவி பயணத்துக்குத் தயார். குழி காலியாக இருக்கும் குருவி முதலில் இரை தேடியாக வேண்டும். அதனால் கொழுப்புக்கு மதிப்பெண் போட்டு, எடையும் சிறகு நீளமும் குறித்துக்கொள்கிறோம். இலைக் கதிர்க்குருவி பத்து கிராம்கூட இருக்காது. எனக்குக் கேட்டால், வளையத்தைவிட இந்தக் குறிப்புதான் முக்கியம்.

வளையம் போட்டவற்றில் எத்தனை மீண்டும் கிடைக்கும்?

சின்னக் குருவிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட வேறிடத்தில் கிடைப்பதில்லை. 1899இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா இனப் பறவைகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையம் போட்டதிலிருந்தே இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல்.

எங்கள் தோட்டத்தில் நாங்களே வலை கட்டலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் கட்டினால் அது வேட்டைதான்.

காலில் வளையத்தோடு ஒரு பறவையைப் பார்த்தால்?

உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணையும் முகவரியையும் படம் எடுத்து, நாளும் இடமும் எழுதி அந்த முகவரிக்கே அனுப்புங்கள். இந்தியாவில் போட்டதென்றால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும். இறந்த பறவை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தச் செய்தியும் எங்களுக்கு வேண்டும்.